ஓர் ஆட்சி முடியும் தறுவாயில் வெளியுறவுக் கொள்கை எப்படி நடக்கிறது என்று காட்டும் நல்ல ஆவணப்படம் ஏதாவது உண்டா?

உண்டு. ‘தி ஃபைனல் இயர்’. கிரெக் பார்க்கர் இயக்கியது, 2017இல் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஒபாமாவின் கடைசி ஆண்டான 2016இல், அவருடைய வெளியுறவுக் குழுவின் பின்னாலேயே கேமரா அலைகிறது. வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி, ஐநா தூதர் சமந்தா பவர், ஒபாமாவின் உரைகளை எழுதிய பென் ரோட்ஸ் ஆகிய மூவர்தான் முக்கியம். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் சூசன் ரைஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்கும் அறைக்குள் கேமரா போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். போன வருடம் அப்பாவோடு உட்கார்ந்து இரண்டாம் முறை பார்த்தேன். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இவங்க எப்பப் பார்த்தாலும் பிளேன்லயே இருக்காங்களே, வேலையை எப்ப பாக்குறாங்க?” என்றார். நியாயமான கேள்வி. ஹிரோஷிமா, லாவோஸ் என்று பயணங்கள்தான் நிறைய.

எனக்குப் படத்தின் உயிர் சமந்தா பவர்தான். போஸ்னியப் போரில் நிருபராக இருந்தவர். இனப்படுகொலைகளை அமெரிக்கா கைகட்டி வேடிக்கை பார்த்தது என்று குற்றம்சாட்டிப் புத்தகம் எழுதி, 2003இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். அதே அமெரிக்காவின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போது சிரியாவின் அலெப்போ நகரம் அரசுப் படைகளிடம் விழுகிறது. நைஜீரியாவில், தீவிரவாதிகள் கடத்திய சிபோக் பள்ளி மாணவிகளின் தாய்மார்களைப் பார்க்கிறார். கேட்டுக்கொள்ள முடிகிறது, கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. கெர்ரியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். செப்டம்பரில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவோடு பேசிப் பேசி சிரியாவில் ஒரு போர்நிறுத்தம் கொண்டுவந்தார். ஒரு வாரம்தான் தாங்கியது. அமெரிக்கக் கூட்டணி விமானங்களே டேர் எஸோரில் சிரிய ராணுவத்தினரைத் தவறுதலாகக் கொன்றன. இரண்டு நாள் கழித்து நிவாரண லாரிகள் தாக்கப்பட்டன.

தேர்தல் இரவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். சமந்தா பவர் ஐநாவின் பெண் தூதர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார், ஹிலாரியின் வெற்றியைச் சேர்ந்து பார்க்க. ஜெயித்தது டிரம்ப். ரோட்ஸ் வெளியே உட்கார்ந்து வார்த்தை வராமல் தடுமாறுகிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கும், கொஞ்சம் நீளமாகவும்.

படம் விட்ட விஷயம் ஒன்று உண்டு, அதுதான் என் பெரிய குறை. இவ்வளவு உழைப்பு எப்படி அவ்வளவு சுலபமாகக் கலைந்தது? அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது கிடைக்காது என்று தெரிந்ததால் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தையும் ஈரான் அணு ஒப்பந்தத்தையும் செனட்டுக்கு உடன்படிக்கையாகக் கொண்டுபோகவே இல்லை. அதிபர் அதிகாரத்தில் நடந்ததை அடுத்த அதிபர் அதே அதிகாரத்தில் கலைத்தார்: பாரிஸிலிருந்து விலகும் அறிவிப்பு 2017 ஜூனில், ஈரான் 2018 மேயில். இந்தப் பலவீனத்தை அந்த மூவரிடமும் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இதை அப்பாவுக்கு விளக்கும்போது, ஈரான் ஒப்பந்தத்தில் யாருமே கையெழுத்துப் போடவில்லை என்றேன். அது கையெழுத்திட்ட ஆவணம் அல்ல என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர்.

“கையெழுத்தே இல்லையா? அப்ப அது பத்திரமே இல்லப்பா, துண்டுச்சீட்டு” என்றார். அப்புறம் கெர்ரி அடுத்த விமானம் ஏறும்போது தூங்கிப்போனார்.