பத்து விழுக்காடு யாருடைய கைக்குப் போகிறது?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உணவகத்தில் கொடுக்கும் டிப்ஸ் பற்றியும், பில்லில் சேரும் கட்டணங்கள் பற்றியுமே இருந்தன. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: குடும்பத்தோடு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த என் மைத்துனர், டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் மானம் போய்விடும் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். நம் ஊரில் எவ்வளவு வைக்க வேண்டும்? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

உங்கள் மைத்துனர் சொன்னது அவர் வாழ்ந்த நாட்டுக்குச் சரி. அங்கே டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுக்கலாம் என்று கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தொகை 1991-க்குப் பிறகு ஒரு காசும் ஏறவில்லை. மீதத்தை வாடிக்கையாளர் தரும் டிப்ஸ்தான் குறைந்தபட்சச் சம்பளமான 7.25 டாலர் வரை நிரப்ப வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டுமே முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும் என்று வைத்திருக்கின்றன. அதனால் அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மேசையில் அமர்ந்து சாப்பிட்டவர் பதினைந்து முதல் இருபது விழுக்காடு வைக்காமல் எழுந்தால், பரிமாறியவரின் கூலியில் கை வைத்ததாகவே ஆகும்.

நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் ஐவரும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள இடங்களில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் அது பொருந்துகிறது. அது அடிப்படைச் சம்பளம். டிப்ஸைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. எனவே வைக்காமல் எழுந்ததில் எந்த மானக்கேடும் இல்லை. மூன்றாவது முறை ரசம் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து ஊற்றிய தம்பிக்கு இரண்டு மூன்று ரிங்கிட் கொடுக்க உங்களுக்கு மனம் வந்தால், அதை மேசையில் விடாமல் அவர் கையிலேயே கொடுங்கள்.

கேள்வி: பொட்டலம் வாங்கப் போனால் கல்லாப் பக்கத்தில் டிப்ஸ் பெட்டி இருக்கிறது. ஒன்றும் போடாமல் வந்தால் மரியாதைக் குறைவா? – வாசகி, செந்தூல்

இல்லை.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் ஓர் உணவகத்தில் பன்னிரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்கள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால், சேவைக் கட்டணம் என்று பத்து விழுக்காடும், அதற்குக் கீழே சேவை வரி என்று ஆறு விழுக்காடும் சேர்த்திருக்கிறார்கள். உட்காரவே இல்லையே என்று தொலைபேசியில் கேட்டதற்கு, இரண்டும் அரசாங்க வரி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். – வாசகி, ஆயர் ஈத்தாம்

அம்மா, உங்களிடம் சொல்லப்பட்டது பொய். இந்தப் பொய்யைக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல கல்லாக்களில் கேட்டு எனக்கு மனம் வெந்து போயிருக்கிறது. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சேவை வரி என்பது அரசாங்கத்துடையது. ஆண்டு வருமானம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்கள் சுங்கத் துறையில் பதிந்துகொண்டு அதை வசூலித்துக் கட்ட வேண்டும். 2024 மார்ச் மாதம் பல சேவைகளுக்கு இந்த வரி எட்டு விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கும் பானத்துக்கும் ஆறு விழுக்காடாகவே விடப்பட்டது. உட்கார்ந்து சாப்பிட்டாலும் பொட்டலமாக எடுத்துப் போனாலும் இந்த வரி உண்டு. ஆகவே உங்கள் பில்லில் உள்ள ஆறு விழுக்காட்டை நீங்கள் மறுக்க இயலாது. ஆனால் பில்லில் அந்த உணவகத்தின் சேவை வரிப் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவே இல்லாமல் வரி என்ற பெயரில் பிடித்தால், அது சுங்கத் துறையில் புகார் செய்ய வேண்டிய குற்றம்.

சேவைக் கட்டணம் வேறு. அதை அரசாங்கம் விதிக்கவில்லை, உணவகம் தானே விதித்துக்கொள்கிறது. ஹோட்டல்களில் பரிமாறுபவர், சமையலறையில் இருப்பவர், அறையைத் துப்புரவு செய்பவர் எல்லாருக்கும் சேவைப் புள்ளி என்ற கணக்கில் மாதந்தோறும் பங்கிட்டுக் கொடுப்பதற்காக வந்த ஏற்பாடு இது. டிப்ஸுக்கு மாற்றாக வந்தது என்றே சொல்லலாம். தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி திரட்டப்பட்ட அந்தப் பணம் தொழிலாளருக்குரியது என்றும், அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பிக் காட்டுவது செல்லாது என்றும், ஒரு ஹோட்டலுக்கும் தீபகற்ப மலேசிய ஹோட்டல், உணவகத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே நடந்த வழக்கில் 2021-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றமே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், ஒப்பந்தமும் இல்லாத, சங்கமும் இல்லாத சிறு உணவகங்கள் அதே பத்து விழுக்காட்டை வாங்கித் தம் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் பயன்படுத்திக்கொண்டு, ஊழியருக்குக் கொடுப்பதுபோல் பெயர் மட்டும் வைத்திருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதை நான் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. என் தாயாரின் எண்பதாவது பிறந்த நாளுக்குக் கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் 45 பிரியாணிப் பொட்டலங்களுக்குச் சொல்லி, முன்பணமும் கட்டியிருந்தேன். ஒன்று 18 ரிங்கிட் என்று மொத்தம் 810 ரிங்கிட் கணக்கில், முன்பணம் போக மீதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். பில்லில் சேவைக் கட்டணமாக மேலும் 81 ரிங்கிட் இருந்தது. விருந்தினர் வீட்டில் காத்திருந்தார்கள். பேச நேரமில்லாமல் கட்டிவிட்டேன். வெயிலில் அத்தனைப் பொட்டலங்களையும் வண்டியில் ஏற்றி அடுக்கிய இரண்டு பையன்களிடம், உங்களுக்கு அதில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். அந்தப் பணத்தைத் தாங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை என்றார்கள். ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட் கொடுத்துவிட்டு வந்தேன். முன்பணம் கட்டும் அன்றே, பொட்டலத்துக்கும் சேவைக் கட்டணம் உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த 81 ரிங்கிட்டும் அவர்களிடமே போயிருக்கும்.

பிரிட்டனில் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுமையாக ஊழியரைச் சேர வேண்டும் என்பதற்கென்றே 2023-இல் ஒரு சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திவிட்டார்கள். அப்படி ஒன்று நமக்கும் வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. பில்லை எடுத்துக்கொண்டு நேரில் போய், மேலாளரைப் பார்த்து, பொட்டலத்துக்கும் இந்தக் கட்டணம் உண்டு என்று எந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே தெரியும்படி அறிவித்திருந்தால் உங்கள் பக்கம் வலுவில்லை. அறிவிக்காமல் வாங்கியதோடு அதை வரி என்றும் சொன்னார்கள் என்றால், விலை குறித்துத் திசைதிருப்பும் தகவல் தருவதை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருப்பதை நினைவூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் தொகை சிறியது என்று தயங்காதீர்கள். பன்னிரண்டு பொட்டலம் வாங்கிய ஒவ்வொருவரும் தயங்குவதை நம்பித்தான் இது நடக்கிறது.

கேள்வி: நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, கைப்பேசியில் பேசிக்கொண்டே அட்டையைக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தால், நான் நினைத்ததைவிட 40 ரிங்கிட் கூடுதல். டிப்ஸ் என்று சேர்த்திருக்கலாம். ரசீது இல்லை. திரும்பக் கிடைக்குமா? – வாசகர், செராஸ்

இது உங்களிடமிருந்து வரும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்திலும் ரசீதை எறிந்துவிட்டதாகவே எழுதியிருந்தீர்கள். சாப்பிட்டது எவ்வளவு என்றே தெரியாமல் கூடுதலாக எடுத்தார்கள் என்று நான் எப்படி முடிவு செய்வது? அன்றைய தேதி, நேரம், அட்டையின் கடைசி நான்கு எண்கள் ஆகியவற்றைக் கொடுத்து உணவகத்தில் அவர்கள் வைத்திருக்கும் பில் நகலைக் கேளுங்கள். அதில் நீங்கள் ஒப்புக்கொள்ளாத தொகை இருந்தால் உடனே வங்கியில் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். இனிமேலாவது இயந்திரத்தின் திரையில் உள்ள தொகையைப் பார்த்த பிறகு அட்டையை நீட்டுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். வார இறுதியில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறேன். வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போடச் சொல்கிறார்கள். மாதக் கடைசியில், தட்டு உடைந்தது, கிளாஸ் உடைந்தது என்று கழித்துவிட்டு எனக்கு ஏழு ரிங்கிட் தந்தார்கள். போன மாதம் சம்பளத்திலும் 60 ரிங்கிட் பிடித்துவிட்டார்கள். கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. – வாசகர், பட்டர்வொர்த்

தம்பி, நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பயப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். சம்பளத்திலிருந்து முதலாளி எதைப் பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. தட்டு உடைந்தது என்று தன் விருப்பத்துக்கு அறுபது ரிங்கிட்டை வெட்டிக்கொள்ள அது இடம் தரவில்லை. பகுதி நேர ஊழியர் என்பதாலும் மாணவர் என்பதாலும் இந்த உரிமை உங்களை விட்டுப் போய்விடாது.

இன்று முதல் ஒரு சிறு குறிப்பேட்டில் வேலை செய்த நாள், நேரம், பெட்டியில் போட்ட டிப்ஸ், பிடித்த தொகை ஆகியவற்றை எழுதி வாருங்கள். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலை நேரம் பற்றியும் சம்பளம் பற்றியும் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். இவற்றை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் புகாரைப் பதிந்துகொள்வார்கள். உங்களோடு பரிமாறும் மற்றவர்களும் சேர்ந்து வந்தால், ஒருவரை மட்டும் குறிவைத்து நிறுத்துவது முதலாளிக்குக் கடினமாகும்.

வாசகர்களுக்கும் இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை நன்றாகக் கவனித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்காக, பில் வைக்கும் அட்டைக்குள் ஐம்பது ரிங்கிட்டை வைத்துவிட்டு வந்தேன். மறுமுறை போனபோது அந்தப் பணத்தைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. இந்தத் தம்பியின் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கேள்வி: மழை கொட்டியது, மின்தூக்கியும் பழுது. ஒன்பதாவது மாடிக்குப் படியேறி வந்து சாப்பாட்டைக் கொடுத்தார் ஒரு விநியோக ஊழியர். ஏற்கெனவே விநியோகக் கட்டணம் கட்டியிருந்ததால் நன்றி மட்டும் சொன்னேன். தவறு செய்துவிட்டேனா? – வாசகி, ஜெலுத்தோங்

விநியோகக் கட்டணம் டிப்ஸ் ஆகாது. அது நிறுவனம் உங்களிடம் வாங்கும் கட்டணம். ஊழியருக்கு எவ்வளவு என்பதை நிறுவனம் தன் கணக்குப்படி தீர்மானிக்கிறது. மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும் அவருடையவை. மழையில் நனைந்து ஒன்பது மாடி ஏறிய நேரத்தில் அவர் இழந்தது அடுத்த ஆர்டர். நீங்கள் தவறு செய்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ஐந்து ரிங்கிட் கொடுத்திருக்கலாம். செயலியிலேயே பிறகு டிப்ஸ் சேர்க்கும் வசதி இருந்தால், இன்றும் அந்த ஆர்டரைத் திறந்து பாருங்கள்.

சாதாரண நாளில், கீழ்த்தளத்தில் கொடுத்துவிட்டுப் போகும் ஆர்டருக்கு டிப்ஸ் கட்டாயமில்லை. ஆர்டர் செய்யும்போதே செயலி தானாக ஒரு தொகையைத் தேர்ந்து வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பில் 12 ரிங்கிட் 60 சென். பதின்மூன்று கொடுத்தால், சில்லறை இல்லை, டிப்ஸாக வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். தினமும் காலைப் பசியாறப் போகும் கடை. – வாசகர், லெபோ அம்பாங்

டிப்ஸ் நீங்களாகக் கொடுப்பது. அவர்களாக எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் கிடையாது. 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிசெய்யலாம் என்பது மட்டுமே நடைமுறை, 12.62 என்றால் 12.60, 12.63 என்றால் 12.65. நாற்பது சென்னை விழுங்குவதற்கு எந்த நடைமுறையும் இடம் தரவில்லை. நாளைக் காலை போகும்போது, நேற்றைய நாற்பது சென்னைக் கழித்துக்கொண்டு மீதத்தைக் கொடுங்கள்.