தங்கைக்குப் பக்தி இல்லையா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று, 48 நாள் விரதமிருந்து, பினாங்குத் தண்ணீர்மலையின் 513 படிகளையும் காவடியோடு ஏறி முடித்தபோது, விடியாத இருட்டில் கீழே ஊர் விளக்குகள் தெரிய, முருகன் என் அருகில் நிற்பதை உடம்பெல்லாம் உணர்ந்தேன். சில மாதங்களில் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அதன்பின் கோயில் கோயிலாகப் போகிறேன். அந்த உணர்வு திரும்ப வரவேயில்லை. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுத் தங்கைதான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். ஆண்டுதோறும் பால்குடம் எடுத்தவள், இப்போது மலைப்பக்கமே வருவதில்லை. அவளுக்கும் பக்தி போய்விட்டது. கடவுள் எங்களைக் கைவிட்டுவிட்டாரா?
– பட்டர்வொர்த் வாசகர், வயது 46

பதில்: தம்பி, கைவிடவில்லை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த ஆறுதலை மடித்து வைத்துக்கொண்டு வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவீர்கள் என்பதால் நான் அதை எழுதப் போவதில்லை.

தங்கையைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதிய வரிகளைத்தான் நான் மறுபடி மறுபடி படித்தேன். ஆண்டுதோறும் பால்குடம் எடுத்த பெண் ஏன் வரவில்லை? வெள்ளி ரதம் வரும் தெருவெங்கும் தேங்காய் உடைபட, நீங்கள் அரோகரா என்று கூட்டத்தோடு நடந்த நேரத்தில், அம்மாவின் கட்டிலருகே யார் இருந்தார்கள்? இதைக் கேட்கக்கூடத் தோன்றாமல், அவருக்குப் பக்தி போய்விட்டது என்று தீர்ப்பு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதற்கு இரவு பகல் கிடையாது. விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும்; அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உங்கள் 48 நாள் விரதத்தை ஊரே மதித்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாகத் தூக்கம் துறந்திருக்கும் அந்தப் பெண்ணின் விரதத்துக்கு உங்கள் வீட்டில் விரதம் என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை.

திருநாவுக்கரசர் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் அவருடைய தமக்கையை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பெற்றோரும், தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் மறைந்தபின் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி சமணத்தில் சேர்ந்து பெரும் புகழோடு வாழ்ந்த காலத்தில், அவர் திருவதிகைக் கோயிலில் பொழுது விடியுமுன் அலகிட்டு மெழுகிக்கொண்டிருந்தார். சூலைநோய் குடலைப் புரட்டியபோது தம்பி வந்து விழுந்தது அந்த அக்காவின் காலடியில்தான். திருநீறு கொடுத்து இறைவன் முன் அவரை அழைத்துச் சென்றதும் துடைப்பம் பிடித்த அதே கைதான். துன்பத்தில் கடவுளைக் கண்ட அத்தனை பெரியவருக்கே உடன்பிறந்தவளின் வழியாகத்தான் கதவு திறந்தது. நீங்களோ உங்கள் உடன்பிறந்தவளைத் தாண்டிக்கொண்டு வெளியே ஓடுகிறீர்கள்.

மலையுச்சியில் நீங்கள் உணர்ந்தது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படிகளில் நானும் அழுதிருக்கிறேன். ஆனால், சில மாதங்களில் அம்மா விழப்போகிற வீட்டுக்கு முன்கூட்டியே தரப்பட்ட பலம் அது என்றே நான் நம்புகிறேன். கையில் கொடுத்ததில் ஒரு துளியைக்கூட அம்மாவுக்காகச் செலவிடாமல், மறுபடியும் வேண்டும் என்று சந்நிதி சந்நிதியாகக் கேட்டு நிற்கிறீர்கள்.

படுத்த தாயைப் பேணுவது மகளின் வேலை, மகன் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் போதும் என்ற வழக்கத்தை நான் என்றைக்கும் ஏற்றதில்லை. கொள்ளி வைக்கும் உரிமை மகனுக்கு என்றால் குளிப்பாட்டும் கடமையும் அவனுக்குத்தான் முதலில். இன்றே தங்கையிடம் கேட்டு, அம்மாவை எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள். வேலையை விட்டதால் அவருடைய ஊழியர் சேமநிதிச் சந்தாவும் நின்றிருக்கும். வேலையில் இல்லாதவர் பெயரிலும் விருப்பச் சந்தா கட்டலாம், மாதந்தோறும் அதை நீங்கள் கட்டுங்கள். அவரிடம் மன்னிப்பும் கேளுங்கள்.

வருகிற தைப்பூசத்துக்குப் பால்குடத்தை அவர் எடுக்கட்டும், அன்றிரவு நீங்கள் வீட்டில் இருங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, அவர் முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு, எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.