தட்டில் ஒரு தமனி: செல் கல்ச்சர் கேள்வி பதில்

புதுச்சேரியில் பல வருடங்களாக செல் வளர்ப்பவள் நான். ரத்தக்குழாய் அடைப்பை ஆய்வகத்தில் படிப்பது பற்றிக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் மாணவி: தொப்புள்கொடிச் செல் போதுமா மேடம்?

தொடங்கப் போதும். 1973-லிருந்து உலகமே அதைத்தான் வளர்க்கிறது. கொடியின் சிரைக்குள் கொலாஜினேஸ் என்ற திசு கரைக்கும் என்சைமை விட்டுச் சிறிது நேரம் வைத்தால் உட்சுவர்ச் செல்கள் கழன்று வரும். வளர்ந்து நிறைந்ததும் மைக்ரோஸ்கோப்பில் கல் பாவிய தரை மாதிரி தெரியும். ஆறாவது பாஸேஜுக்கு (நிறைந்த செல்லைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது ஒரு பாஸேஜ்) மேல் நம்பாதீர்கள். செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையை மறக்காதீர்கள்.

வில்லியனூர் நண்பர்: சிரைச் செல்லை வைத்துத் தமனி நோய் என்பது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று இல்லை, வசதி. கொடி பிரசவ அறையில் கிடைக்கிறது, நல்ல தமனி எங்கே கிடைக்கும்? தவிர, பெரிய குறை வேறு. தமனி கிளை பிரிகிற இடத்தில், ரத்தம் சுழன்று தடுமாறுகிற இடத்தில்தான் கொழுப்பு அதிகம் படிகிறது. செல் வளர்க்கும் குடுவையான அசையாத பிளாஸ்கில் அந்த ஓட்டமே இல்லை. தமனிச் செல்லையே போட்டாலும் இதே கதைதான். பம்ப் வைத்து மீடியத்தை, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தை, ஓட விடுங்கள், அப்புறம் பேசுவோம்.

அவரே: அப்படியானால் எலி போதுமே?

சாதாரண எலிக்கு இந்த நோய் தானாக வருவதில்லை சார். 1992-ல் ரத்தக் கொழுப்பை அகற்ற உதவும் அபோ-ஈ ஜீனை நீக்கிய பிறகுதான் வந்தது. செல் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஈ.சி.வி.304 என்ற செல்லை உட்சுவர்ச் செல் என்று வருடக்கணக்கில் வளர்த்தார்கள். டி.என்.ஏ. பார்த்தால் டி24, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்!

பாகூர்: நுரைச் செல் உருவாக்குவது எப்படி?

டி.எச்.பி-1 என்ற ரத்தப் புற்றுநோய் வெள்ளணுச் செல்லுக்கு பி.எம்.ஏ. என்ற ரசாயனம் கொடுங்கள். தட்டில் ஒட்டி, கண்டதை விழுங்கும் மேக்ரோபேஜ் ஆகும். ஆக்சிஜனேற்றிய எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) சேர்த்தால் கொழுப்பை விழுங்கி நுரை மாதிரி ஆகும், அதுதான் நுரைச் செல். ஆயில் ரெட் ஓ என்ற கொழுப்புச் சாயம் போட்டால் வயிறு முழுக்கச் சிவப்புப் பொட்டு.

நெல்லிக்குப்பம்: அப்பாவுக்கு அடைப்பு, ஸ்டென்ட் வைக்கலாமா?

இதய மருத்துவரைக் கேளுங்கள் ஐயா. நான் பார்ப்பது பிளாஸ்க்.

முத்தியால்பேட்டை: மீடியம் தெளிவாகத்தான் இருக்கிறது. மைக்கோபிளாஸ்மா சோதனை அவசியமா?

அவசியம். அது மீடியத்தைக் கலக்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, செல் சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் அசையாது. 'தெளிவாகத்தான் இருக்கிறது' என்று நானும் சொல்லித்தான் மூன்று மாத வேலையை பிளீச்சில் கொட்டினேன்.

கடலூர் ஓ.டி.: தொப்புள்கொடிச் செல் எத்தனை பாஸேஜ் வரை?

மேலே போய்ப் படியுங்கள் தம்பி.