தொலைந்தது ஒரு சாவிதான், பூட்டையே மாற்றாதீர்கள்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 11 வருடமாக ஓட்டும் கார். இரண்டு சாவிகளில் ரிமோட் உள்ளது தொலைந்துவிட்டது. பட்டன் இல்லாத இன்னொன்றை வைத்துத்தான் இப்போது ஓட்டுகிறார். ஷோரூமில் கேட்டால் பூட்டு செட், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத பெட்டி) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்களாம். "அவர்கள் சொல்லும் தொகைக்குக் காரையே விற்றுவிடலாம் போலிருக்கிறது. ஆன்லைனில் அதே மாதிரி சாவி மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வெளியே யாரிடமாவது போட்டுக்கொள்ளலாமா? கார் கெட்டுப்போகுமா?"

வெளியே போட்டுக்கொள்ளலாம். ஒழுங்கானவர் செய்தால் கார் கெடாது. ஆன்லைன் சாவியை மட்டும் இன்னும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கார் சாவி போடுவதுதான் என் தொழில். சாவிக்கு எவ்வளவு ஆகும் என்று யார் போன் செய்தாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டியை ஸ்டார்ட் செய்கிற சாவி ஒன்றாவது கையில் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலான பழைய கார்களுக்கு இது சின்ன வேலை. ஒன்றுமே இல்லையென்றால் வண்டி நிற்கும் இடத்துக்கு வர வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், பூட்டை வைத்துச் சாவியின் வெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். சில மாடல்களில் டேஷ்போர்டைக் கழற்றி இம்மொபிலைசர் பெட்டியை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் எட்டுக் கால் மெமரி சிப்பை நேரடியாகப் படிக்க வேண்டும். ஒரே சாவிக்குச் செலவு பல மடங்காகிவிடும். உங்களிடம் ஒன்று இருக்கிறது. அதுவும் தொலைவதற்குள், இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

கார் சாவி பார்க்க ஒரே பொருள் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பவை மூன்று. பூட்டைத் திருப்பும் இரும்பு ப்ளேடு ஒன்று. கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட் ஒன்று. பேட்டரியில் ஓடுவது அது மட்டும்தான். மூன்றாவது, யார் கண்ணிலும் படாத சிப். பிளாஸ்டிக் தலைக்குள் நெல்மணி அளவு கண்ணாடிக் குழாயாகவோ சின்னக் கறுப்புக் கட்டியாகவோ இருக்கும். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு "நான்தான்" என்று பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர் இன்ஜினை ஓட விடும். ஐரோப்பாவில் 1998-லிருந்து புதிய கார்களுக்கு இது கட்டாயம். மற்ற நாடுகளுக்கும் மெல்லப் பரவியது. ப்ளேடை மட்டும் அப்படியே வெட்டிக் கொடுத்தால் கதவு திறக்கும், சாவி திரும்பும். பல கார்களில் இன்ஜின் ஒரு விநாடி உறுமிவிட்டு அணைந்துபோகும், சிலவற்றில் அதுவும் நடக்காது. "டூப்ளிகேட் போட்டேன், கார் கெட்டுப்போச்சு" என்று வருகிற கதைகளில் பாதி இதுதான். கார் கெடவில்லை. சாவிக்குள் சிப் இல்லை.

இதிலேயே ஒரு மிச்சம் பிடிக்கலாம். ரிமோட் இல்லாமல் சிப்பும் ப்ளேடும் மட்டும் உள்ள சாவி, ரிமோட் சாவியைவிட எப்போதுமே மலிவு. இப்போதும் பட்டன் இல்லாத சாவியில்தானே ஓட்டுகிறீர்கள்? இன்னொன்றும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ரிமோட் வேண்டும் என்று பிறகு தோன்றினால் பார்த்துக்கொள்ளலாம்.

சாவிக்காரர் இரண்டு வழி சொல்வார். ஒன்று குளோனிங்: கையில் இருக்கும் சாவியின் சிப்பில் உள்ளதைப் படித்துப் புது சிப்பில் எழுதுவது. கார் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம்கூடப் பல நேரம் இல்லை. இரண்டையும் ஒரே சாவி என்றுதான் கார் நினைத்துக்கொள்ளும். இன்னொன்று ப்ரோகிராமிங்: கருவியைக் காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் (கோளாறு பார்க்க மெக்கானிக் கருவி செருகும் இடம்) செருகி, புது சாவியைத் தனி ஆளாகக் காரின் நினைவில் சேர்ப்பது. குளோனிங் மலிவு. ஆனாலும் உங்களுக்கு நான் ப்ரோகிராமிங்தான் சொல்வேன். உங்கள் சாவி உடையவில்லை, தொலைந்திருக்கிறது. யார் கையில் கிடைத்தாலும் அது இன்றைக்கும் உங்கள் காரை ஸ்டார்ட் செய்யும். ப்ரோகிராம் செய்கிறவர் பழைய பதிவுகளை அழித்துவிட்டு, எதிரில் இருக்கும் சாவிகளை மட்டும் மறுபடி சேர்க்க முடியும். அதற்குப் பிறகு தொலைந்த சாவி இன்ஜினுக்குச் செல்லாக் காசு. கதவை அது அப்போதும் திறக்கும், ப்ளேடு ப்ளேடுதானே. அதனால் காருக்குள் பொருள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ப்ளேடு விஷயத்தில் சின்னதாக ஒன்று. 11 வருடம் பாக்கெட்டில் உராய்ந்த சாவியை விரலால் தடவிப் பாருங்கள், மேடுகள் மழுங்கியிருக்கும். அதை அச்சு வைத்து வெட்டினால் மழுக்கலும் சேர்ந்தே நகலாகும். பழைய சாவியை லேசாக ஆட்டி ஆட்டித் திருப்பப் பழகிய உங்கள் கைக்கே புதுசு சண்டித்தனம் செய்யும். கார் வாங்கியபோது சாவியோடு எண் பொறித்த ஒரு தகடோ அட்டைத் துண்டோ வந்திருக்கும், தேடுங்கள். அந்தச் சாவி எண்ணை வைத்து வெட்டினால் ஃபேக்டரி அளவிலேயே வரும். புதுச் சாவியைக் காரின் நினைவில் சேர்க்கத் தேவைப்படும் பாதுகாப்பு எண்ணையும் சில கம்பெனிகள் கார்டிலேயே அச்சடித்துக் கொடுத்தன. ஓப்பல் கார் கம்பெனியின் 'கார் பாஸ்' அப்படிப்பட்டது. அது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அந்த எண்ணையோ சாவியையோ படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்தே சாவி வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஆன்லைன் சாவி. ஒருவர் என்னிடம் மூன்று ரிமோட் சாவிகளோடு வந்தார். மூன்றும் பார்க்க அசல்போலவே இருந்தன. முதலாவதின் ரிமோட் அலைவரிசை 315 மெகாஹெர்ட்ஸ், அவர் காருக்கு வேண்டியது 433. இரண்டாவதில் சிப்பே இல்லை, வெறும் கூடு. மூன்றாவது அசல்தான், ஆனால் வேறொரு காரில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பழைய சாவி. பல மாடல்களில் சிப் ஒரு முறை ஒரு காரோடு சேர்ந்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், அடுத்த காருக்குப் போகாது. 'அசல் கம்பெனி சாவி, யூஸ்டு' என்று விற்கப்படுவதில் நிறைய இந்த ரகம்தான். மூன்றுக்கும் கொடுத்த பணத்தைக் கூட்டினால் என்னிடம் நல்ல சாவியே போட்டிருக்கலாம். என்ன சாவி என்று வேலை செய்கிறவரிடம் முதலில் கேளுங்கள். அவரே வாங்கித் தருவார் என்றால் இன்னும் நல்லது, ஓடாவிட்டால் பொறுப்பும் அவருடையதாகிறது.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது வேறொரு கூட்டத்தின் மேல். கார் சாவி என்று தேடினால் முதலில் வந்து விழும் நம்பர்களில் பல, எந்தச் சாவிக்காரருடையதும் இல்லை. போனை எடுப்பவர் வாழ்நாளில் ஒரு சாவியும் வெட்டியிருக்க மாட்டார். 'இவ்வளவிலிருந்து ஆரம்பம்' என்று ஒரு சின்னத் தொகை சொல்வார். அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவரை அனுப்பிக் கமிஷன் எடுத்துக்கொள்வார். வந்தவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "உங்க வண்டியில சிப் கொஞ்சம் ஸ்பெஷல் சார்" என்பார். தொகை மூன்று மடங்காகும். வேண்டாம் என்றால் வந்து போனதற்குக் காசு. சரி என்றால் பையிலிருந்து எடுப்பது டிரில் மெஷினை. நல்லா இருக்கிற பூட்டைத் துளைத்துவிட்டால் புதுப் பூட்டும் விற்கலாம் இல்லையா? கையில் ஒரு சாவி இருக்கும்போது துளைப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. டிரில்லைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

போனிலேயே சிலதைக் கேட்டுவிடுங்கள். கார் மாடல், வருடம், ஒரு சாவி இருக்கிறது என்று சொன்னதும் அவர் என்ன சிப் என்று யோசிக்கிறாரா, இல்லை "எல்லாம் பண்ணிடலாம்" என்கிறாரா? வெட்டு, சிப், ப்ரோகிராமிங், வந்து போகும் செலவு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதி அனுப்புவாரா? இன்ஜின் ஓடாவிட்டால் காசு உண்டா? வண்டியின் பதிவுப் பத்திரத்தையும் உங்கள் அடையாள அட்டையையும் அவர் கேட்கவேண்டும். கேட்காதவர் நாளைக்கு உங்கள் காருக்கும் வேறு யாருக்காவது கள்ளச்சாவி போட்டுக் கொடுப்பார்.

ஷோரூம் ஏன் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறது? எல்லா ஷோரூமும் அப்படி இல்லை. ஆனால் பாகத்தை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம், பில்லுக்கும் நல்லது. காசு கொடுத்து வாங்கிய காரின் சாவி எண்ணையும் பாதுகாப்பு எண்ணையும் பல கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு சொந்தக்காரரிடமே கொடுக்க மறுக்கின்றன. கேட்டால் திருட்டைத் தடுக்க என்பார்கள். இவர்கள் ரகசியத்தின் லட்சணம் தெரியும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் சாவிச் சிப் ஒன்றை 2005-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். மெகாமோஸ் என்ற இன்னொரு சிப்பின் ஓட்டையைக் கண்டுபிடித்தபோது, 2013-ல் வோக்ஸ்வேகன் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை வெளிவர 2015 ஆயிற்று. திருடனுக்குத் தெரிந்தது காரின் சொந்தக்காரருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் இந்தப் பாதுகாப்பு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் காருக்குப் பொருந்தாது, இதைவிடப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு. 1990-களின் பிற்பகுதியில் சில கார்களில் எல்லாச் சாவியும் சமம் கிடையாது. ஃபியட்டில் சிவப்புத் தலையுள்ள மாஸ்டர் சாவி ஒன்று வந்தது. ஓட்டுவதற்கு இல்லை, புதுச் சாவிகளைக் காருக்கு அறிமுகப்படுத்துவதற்கு மட்டும். பத்திரமாக வைக்கவேண்டும் என்று எங்கேயோ வைத்து மறந்தவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் இன்ஜினை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்பது கம்பெனியின் பதில். பழைய டொயோட்டாக்களில் கறுப்புத் தலைச் சாவி மாஸ்டர், சாம்பல் தலை வாலே சாவி (வண்டியை நிறுத்தித் தரும் ஊழியரிடம் கொடுப்பதற்கானது). சாம்பல் சாவி காரை ஓட்டும், ஆனால் வேறொரு சாவியைச் சேர்க்காது. இதை அறியாமல் சாம்பல் சாவியோடு வந்து "ஒன்று இருக்கிறதே, ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?" என்று என்னிடம் சண்டை பிடித்தவர் உண்டு. சிவப்போ கறுப்போ தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். மெமரி சிப்பைப் படித்து எழுதத் தெரிந்தவர் யூனிட்டை மாற்றாமலே செய்துவிடுவார், ஆனால் அது பெரிய வேலை. வீட்டில் பழைய காரின் சாவி இருந்தால் தலையின் நிறத்தை இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

புஷ் ஸ்டார்ட் கார்க்காரர்கள் சாவி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்திருந்தாலும் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயோ மேனுவல் சொல்லும் இடத்திலேயோ ஒட்டிப் பிடித்தால் பல கார்கள் ஓடும்.

வேலை முடிந்ததும் சோதிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புதுச் சாவியையும் பழையதையும் ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். பழைய சாவியின் சிப்பைக் கம்பிச்சுருள் படித்துவிடும், இன்ஜின் ஓடும், காசைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் புதுசு மட்டும் ஓடாது. பழைய சாவியைப் பத்தடி தள்ளி வேறு யார் கையிலாவது கொடுங்கள். புதுசை மட்டும் போட்டு இன்ஜினை ஒரு நிமிடம் ஓட விடுங்கள், அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எல்லாக் கதவுப் பூட்டிலும் டிக்கியிலும் திருப்பிப் பாருங்கள். அப்புறம் பழையதையும் தனியாக ஒரு முறை போட்டுப் பாருங்கள். பதிவுகளை அழித்துச் சேர்க்கும்போது கைதவறி அது விட்டுப்போயிருந்தால், சாவிக்காரர் அங்கே நிற்கும்போதே தெரிய வேண்டும்.