நாகூரில் குழந்தைக்கு மொட்டை: குலதெய்வக் குற்றம் ஆகுமா?

பாட்டி நேர்ந்துகொண்டபடி குழந்தைக்கு நாகூர் தர்காவில் மொட்டை போடலாமா, பெரியப்பா தடுக்கிறாரே, குலதெய்வக் குற்றம் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பாட்டி நேர்ந்துகொண்டபடி நாகூர் தர்காவிலேயே தாராளமாக மொட்டை போடுங்கள். இந்துவாக இருந்துகொண்டே செய்யலாம்.

உங்கள் பெரியப்பா தர்காவையும் பள்ளிவாசலையும் ஒன்றாக நினைத்துத் தடுக்கிறார் போலிருக்கிறது. பள்ளிவாசல் தொழுகை நடக்கும் இடம்; நாகூர் தர்காவோ, சாகுல் ஹமீது ஆண்டவர் என்ற சூஃபி மகான் அடக்கமான இடம். அங்கே 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்தான். குளக்கரையில் மொட்டை போடும் இந்துக் குடும்பங்கள் ஏராளம். சமயபுரத்தில் செலுத்துவது போலவே கண், கை, கால் பொறித்த தகடுகளை இங்கேயும் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். இது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

பாட்டியிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நேர்ந்தது முதல் முடியா, ஏதாவது ஒரு மொட்டையா? முதல் முடி என்று சொல்லவில்லையென்றால், அதைக் குலதெய்வத்துக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மொட்டையை நாகூரில் போடலாம். பெரியப்பாவும் சமாதானம் ஆவார்.

அப்புறம், தர்கா நேர்த்திக்கடனை எல்லா முஸ்லிம்களும் ஏற்பதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் வாதம் வேண்டாம். உள்ளே தலையை மூடிக்கொண்டு, அங்குள்ளவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.