பெட்டிங் ஆப்பில் போட்ட பணமும் கடையின் வங்கிக் கணக்கும்

கேள்வி: உசிலம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நண்பர் அனுப்பிய லிங்க் வழியாக ஒரு கிரிக்கெட் பெட்டிங் ஆப்பை ஏற்றினேன். யு.பி.ஐ.யில் மூன்று தடவை பணம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயர் காட்டியது. இப்போது 18,000 ரூபாய் ஜெயித்ததாகக் காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 30 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். பத்திரமாகப் பணம் போட்டு எடுப்பது எப்படி?

பதில்: அந்த 5,400 ரூபாயைக் கட்டாதீர்கள். ஜெயித்த தொகைக்கு வரி என்றால் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. முன்கூட்டிக் கையிலிருந்து கட்டச் சொன்னால் அது மோசடி. கட்டினால் அடுத்து 'வெரிஃபிகேஷன் கட்டணம்' என்று வரும். திரையில் தெரியும் 18,000 வெறும் எண்தான்.

பத்திரமாகப் பணம் போட வழியே இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையும், அவற்றுக்கு வங்கிகள் பணப் பரிமாற்றம் செய்து தருவதையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி, ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. நேர்வழியில் பணம் வாங்க முடியாததால் இந்த ஆப்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் வாங்குகின்றன. நீங்கள் பார்த்த வேறு வேறு பெயர்கள் அவைதான்.

பணம் திரும்பி வந்தால் ஆபத்து இன்னும் கூடும். உங்களுக்கு வருவது வேறு ஊரில் யாரோ ஏமாந்த பணமாக இருக்கலாம். அவர் அரசின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்ததும், அந்தப் பணம் போன கணக்குகளை எல்லாம் வரிசையாக முடக்குவார்கள். கடை கியூ.ஆர். அதே கணக்கில் இருந்தால், கீழமாசி வீதி மொத்தக் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணமும் அதில் சிக்கும். முடக்கத்தை உள்ளூர் கிளை மேலாளரால் எடுக்க முடியாது. புகார் எண்ணையும் விசாரிக்கும் காவல் நிலையத்தின் மின்னஞ்சலையும் வங்கியில் வாங்கி, கணக்கு அறிக்கையோடு அங்கே எழுத வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை. அதனால் இனி எதையும் எடுக்க முயல வேண்டாம்.

ஆப்பை நீக்குமுன், திரையையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் வேறு போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணையும் பணம் போன யு.பி.ஐ. முகவரியையும் குறித்துக்கொண்டு 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். பெட்டிங் என்பதை மறைக்க வேண்டாம். சட்டச் சிக்கல் பற்றிய பயம் இருந்தால், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

அடுத்தது போன். பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க்கில் வந்த ஏ.பி.கே. கோப்பு, எஸ்.எம்.எஸ். அனுமதி வாங்கியிருந்தால் ஓ.டி.பி.யைப் படிக்கும். ஆக்சஸிபிலிட்டி அனுமதி இருந்தால் திரையையே பார்க்கும். அதனால் அந்தப் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் அவர்களுக்குப் போகும். டேட்டாவை அணைத்து, செட்டிங்ஸில் அந்த இரண்டு அனுமதிகளையும் எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். நீக்க மறுத்தால், 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அதன் டிக்கை எடுத்த பிறகு முயலுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஃபேக்டரி ரீசெட். பிறகு யு.பி.ஐ. பின், நெட்பேங்கிங், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். யு.பி.ஐ. ஆப்பில், தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதிகளைக் காட்டும் 'ஆட்டோபே' பட்டியலையும் பாருங்கள். நீங்கள் கொடுக்காத அனுமதி இருந்தால் ரத்து செய்யுங்கள்.

ஆதார், பான் படம் கொடுத்திருந்தால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். சிபில் போன்ற கிரெடிட் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். உங்கள் பெயரில் தெரியாத கடன் இருக்கிறதா என்று அதில் தெரியும். கடைக் கணக்கையும் சொந்தச் செலவுக் கணக்கையும் இப்போதே பிரித்துவிடுங்கள்.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு தூங்கவிடாமல் செய்தால் 14416க்கு அழையுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கொஞ்ச நாளில் 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், 2,000 ரூபாய் கட்டணம்' என்று யாராவது கூப்பிடக்கூடும். அந்த எண்ணையும் 1930 புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.