எந்த ஜாஸ் ஆல்பத்தில் தொடங்கலாம்? ஒரு நூலகரின் கேள்வி பதில்

நான் நூலகர், இசைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நூல்களை எண்களால் பிரிக்கும் டூயி வகைப்பாட்டில் 781.65 ஜாஸுக்கான எண். அந்த அடுக்கின் முன் யாராவது தயங்கி நின்றால், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவேன். இங்கே வந்த கேள்விகளுக்கும் அதே ஆசையோடு பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஜாஸ் கேட்டதே இல்லை. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது.

முதல் பாட்டான 'ஸோ வாட்'டை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். பால் சேம்பர்ஸ் பாஸ் என்ற கனத்த குரலுள்ள பெரிய தந்தி வாத்தியத்தில் ஒரு வரி வாசிப்பார், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். அந்த மெட்டு மனதில் நின்றால் போதும், மீதி தானாக வரும். அதன் அமைப்பு 32 பார்; பார் என்பது தாளத்தின் ஒரு சிறு சுற்று. முதல் 16 பார் ஒரு ஸ்கேலில் (சுர வரிசையில்), அடுத்த 8 பார் அரைச்சுரம் மேலே, கடைசி 8 பார் மறுபடி பழைய இடத்தில். மூன்று நான்கு தடவை கேட்டதும் அந்த ஏற்றமும் இறக்கமும் காதில் விழத் தொடங்கும். அதற்குப் பிறகு யார் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசித்தாலும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியும்.

அப்புறம் அட்டையைத் திருப்பி வாசித்தவர்களின் பெயரைப் படியுங்கள். அடுத்து என்ன கேட்பது என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது. பியானோ பிடித்ததா? பில் எவன்ஸ். அழுத்தமான டெனார் சாக்ஸபோன் பிடித்ததா? ஜான் கோல்ட்ரேன். துள்ளலான ஆல்டோ சாக்ஸபோன் பிடித்ததா? கேனன்பால் ஆடர்லி. அவருடைய 1958ஆம் வருட 'சம்திங் எல்ஸ்'ஸில் மைல்ஸே கூட வாசித்திருக்கிறார். இப்படி ஒரே அட்டையிலிருந்து பத்து ஆல்பத்துக்குப் போகலாம்.

கேள்வி: ஆளாளுக்கு இஷ்டப்படி வாசிப்பது போலக் கேட்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

பெரும்பாலான பாட்டுகளில் முதலில் மெட்டு வரும், பிறகு சோலோக்கள், கடைசியில் திரும்ப மெட்டு. சோலோ நடக்கும்போது அந்த மெட்டை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். அடியில் ஓடும் கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டங்கள்) அதனுடன் பொருந்துவது தெரியும்.

இதைப் பழக டேவ் புருபெக் குவார்டெட் என்ற நால்வர் குழுவின் 'டைம் அவுட்' (1959) அருமையான ஆல்பம். அதில் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் போகும்: முதலில் மூன்று, பிறகு இரண்டு. ஜோ மோரெல்லோ டிரம்ஸில் சோலோ எடுக்கும்போது, பியானோ அதே சிறு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். அதை விரலால் எண்ணிக்கொண்டே கேளுங்கள். டிரம்ஸ் எவ்வளவு தூரம் விலகிப் போகிறது, எங்கே வந்து சேர்கிறது என்பது தெளிவாகப் புரியும். எழுதியவர் புருபெக் அல்ல, சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். இதுவும் பெயர்ப் பட்டியலைப் படித்தால்தான் தெரியும்.

கேள்வி: எனக்குக் குரல் வேண்டும். வெறும் வாத்தியம் ஒட்டவில்லை.

'எல்லா அண்ட் லூயிஸ்', 1956. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் வழுவழுப்பான குரலும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுப் பாடுகின்றன. பின்னணியில் ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோ. வேறு யோசனையே வேண்டாம்.

கேள்வி: கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு ஏற்றது?

உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. புதிதாகப் பழக வேண்டியது கார்டுகளை. அடியில் அவை மாற மாற, மேலே அதே சுரத்தின் நிறமும் மாறும்.

ருத்ரேஷ் மகந்தப்பாவின் 'கின்ஸ்மென்' (2008) கேளுங்கள். அவரும் கத்ரி கோபால்நாத்தும் ஆளுக்கொரு ஆல்டோ சாக்ஸபோன், கூடவே கன்யாகுமரியின் வயலின், மிருதங்கம், கிதார், டிரம்ஸ். ஒரே வாத்தியத்தில் ஒருவர் கமகத்தோடு வழுக்கிப் போகிறார், இன்னொருவர் அதை வாங்கி வேறு பக்கம் திருப்புகிறார். நான் பலமுறை கேட்டும் அலுக்காத தட்டு.

கேள்வி: ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தை மூன்று முறை முயன்றேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், தவறே இல்லை. கோல்ட்ரேனின் அதே நால்வர் குழு 1963இல் வெளியிட்ட 'பேலட்ஸ்' என்ற மென்மையான ஆல்பத்தைக் கேளுங்கள். கோல்ட்ரேனின் தொனி முதலில் காதுக்குச் சொந்தமாகட்டும்.

பிறகு 'எ லவ் சுப்ரீம்'முக்குத் திரும்பி வாருங்கள். 1964 டிசம்பர் 9 அன்று பதிவானது, நான்கு பகுதிகள். முதல் பகுதியில் ஜிம்மி கேரிசன் பாஸில் நான்கு சுரங்களைத் தொடங்கிவைக்கிறார். அந்த நான்கை மட்டும் விடாமல் பின்தொடருங்கள். கோல்ட்ரேன் அதைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பார்ப்பார், கடைசியில் அதுவே குரலில் மந்திரம் போல ஒலிக்கும். நான்காம் பகுதிக்கு இன்னொரு வழி உண்டு. அட்டைக்குள் அவர் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது. சாக்ஸபோன் அந்த வரிகளைத்தான் வார்த்தையில்லாமல் சொல்கிறது. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எனக்கு அந்தப் பகுதி திறந்தது அப்படித்தான்.

கேள்வி: பழைய பதிவுகளின் இரைச்சல் தாங்க முடியவில்லை. விட்டுவிடலாமா?

இப்போதைக்கு விடலாம், ஒன்றைத் தவிர: லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' (1928). ஏறக்குறைய மூன்று நிமிடம்தான், அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். தொடக்கத்தில் டிரம்பெட் மட்டும் தனியாக வரும் சில விநாடிகளில் இரைச்சல் மறந்துபோகும்.

கேள்வி: நீங்களாக வலியப் போய்க் கொடுக்கும் ஆல்பம் எது?

கேட்டதற்கு நன்றி! பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கின் குவார்டெட்டும் கோல்ட்ரேனும் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தது. 1957இல் கோல்ட்ரேன் சில மாதங்கள் மாங்க்குடன் இருந்தார். கோல்ட்ரேனின் வளர்ச்சியில் மிக முக்கியமான காலம் அது, ஆனால் பதிவுகள் சொற்பம். அந்த ஆண்டு நவம்பர் 29 கச்சேரியை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிவு செய்தது. நாடாக்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய், பல பத்தாண்டுகள் யார் கவனத்துக்கும் வராமல் அங்கேயே கிடந்தன.

2005 தொடக்கத்தில், பழைய நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் இருந்த லாரி ஆப்பிள்பாம் என்ற நூலக ஊழியர் கண்ணில் அவை பட்டன. ஓடவிட்டார். மாங்க்கின் பியானோவோடு கேட்டது கோல்ட்ரேனின் சாக்ஸபோன். அதே ஆண்டு புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது. பதிவின் தரமும் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவு.

'மாங்க்ஸ் மூட்' என்ற பாட்டில் தொடங்குகிறது. பியானோவும் சாக்ஸபோனும் அவசரமே இல்லாமல் பேசிக்கொள்ளும் ஏழெட்டு நிமிடம். இன்றிரவு விளக்கைக் குறைத்துவிட்டு, அதை மட்டும் கேளுங்கள்.